வீராயிக்குப் பதில் எழுந்தவள்

முந்திரிக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது சில நாள் வர முடியாமல் போனால் வீட்டிலிருந்து வேறொருத்தியை அனுப்பிவைப்பார்கள். வந்தவள் அதே இடத்தில் உட்கார்ந்து பருப்புக்குத் தோல் எடுப்பாள். சாயங்காலம் அந்தப் பேரைக் கூப்பிடும்போது தட்டைத் தூக்கிக்கொண்டு தராசுக்குப் போவாள். இடத்தைக் காலியாக விட்டால் மறுநாளே வேறு ஊர்க்காரி வந்து உட்கார்ந்துவிடுவாள் என்ற பயம்தான் காரணம்.

அம்சவள்ளி அந்தக் கம்பெனிக்குள் நுழைந்ததே வீராயியாகத்தான். வீராயி அவளுடைய ஓரகத்தி, புருஷனுக்கு அண்ணன் பெண்டாட்டி. மகளின் பிரசவத்துக்கென்று திருப்பூர் போன வீராயி, பேரனுக்குத் தலை நின்று, அவன் தவழ்ந்து, எழுந்து நடக்கும் வரைக்கும் ஊர் திரும்பவில்லை. அத்தனை மாதமும் "வீராயி" என்று கூப்பிட்டால் "இருக்கேன்" என்று எழுந்தவள் அம்சவள்ளி. பிறகு வீராயி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியானபோது அம்சவள்ளிக்குச் சொந்தப் பேரிலேயே வேலை கிடைத்தது. ஆனாலும் வீராயி என்ற பேர் காதில் விழுந்தால் அவள் கால்தான் முதலில் அசையும். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

தராசில் உட்காருவது மேனேஜர் தர்மராஜ். முள்ளைப் பார்த்துக் குனிந்த தலை நிமிராது. பேரைக் கூப்பிடுவார், தட்டு வரும், எடையைச் சொல்லுவார். ஆள் மாறி வந்திருந்தால் தலையைத் தூக்காமலே, "இது வீராயி குரல் இல்லியே, தங்கச்சி" என்பார். ஆனால் எடையை வீராயி பேரில்தான் எழுதுவார். வேலை நடந்தால் அவருக்குப் போதும். தன்னை ஏமாற்றிவிட்டதாக மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது.

உடையார்பாளையத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, தகரக் கூரை போட்ட கட்டடம். பொங்கல் வரைக்கும் கூலி ஒழுங்காக வந்தது. பிறகு முதலாளி, பருப்பு விலை ஏறட்டும், மொத்தமாகத் தருகிறேன் என்றார். சித்திரையில் அதையே சொன்னார். ஆடியில் சொல்வதற்கு ஆளே வரவில்லை. கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது.

பெரம்பலூர் வக்கீல் வெற்றிச்செல்வியிடம் மற்ற பெண்களை அழைத்துப் போனது அம்சவள்ளி. ஏதோ கூட்டத்தில் அவர் பேசியதைக் கேட்டிருந்தாள். வெற்றிச்செல்விக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பேசும்போது பேனா மூடியைக் கடிப்பார்.

"தனித்தனியா வழக்குப் போட்டீங்கன்னா தனித்தனியா வந்து பேரம் பேசுவாங்க" என்றார். "எல்லாரும் சேர்ந்து ஒரே மனு. ஒருத்தர் வழுக்கினா மத்தவங்களையும் இழுத்துட்டுத்தான் விழுவீங்க. அதைப் புரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

எல்லோரும் போட்டார்கள்.

"இன்னொண்ணு. உங்க கம்பெனி வழக்கமெல்லாம் கேள்விப்பட்டேன். விசாரணையில ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் வந்து நிக்கிற கதையே இருக்கக் கூடாது. ஒரு பொய் போதும் அவங்களுக்கு. மொத்த மனுவும் பொய்யும்பாங்க."

"அதெல்லாம் செய்ய மாட்டோங்க மேடம்" என்றாள் அம்சவள்ளி.

முதலாளியின் பதில் எழுத்தில் வந்தது. இந்தப் பெண்கள் யாரும் தன் தொழிலாளர்கள் இல்லை, ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆள் அனுப்பினார், கூலியை அவரிடம்தான் கேட்க வேண்டும் என்று இருந்தது. அந்த ஒப்பந்தக்காரரின் பேரை அவர்கள் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை என்று கம்பெனி எதுவும் கொடுத்ததில்லை. எடை எழுதிய புத்தகங்கள் பூட்டுக்கு உள்ளே இருந்தன, அல்லது இல்லாமல் ஆக்கப்பட்டிருந்தன.

அதற்குப் பின்னால் தர்மராஜ் ஊருக்குள் வந்தார். கையில் முத்திரைத்தாள். மனுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பாதிக் கூலி, அன்றைக்கே ரொக்கமாக.

கூட வேலை பார்த்த பூங்குழலி பேனாவை வாங்கிவிட்டாள். அவள் மகளுக்கு நர்சிங் காலேஜில் பணம் கட்டக் கெடு நெருங்கியிருந்தது. அம்சவள்ளி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பாதி குடுக்க வந்திருக்கான்னா முழுசும் குடுக்கணும்னு தெரிஞ்சுதானே வந்திருக்கான்? நீ போட்டா நாளைக்கு நாலு பேரு போடுவாளுங்க. மிச்சம் இருக்கிறவளுங்க தெருவுல நிக்கணும்."

"எனக்கு இன்னைக்குப் பணம் வேணும் அம்சு."

"எனக்கும்தான் வேணும்."

பூங்குழலி பேனாவைத் தர்மராஜிடம் நீட்டினாள். ஆனால் அம்சவள்ளியைப் பார்த்துத்தான் பேசினாள். "நீ சொன்னேன்னு நிக்கிறேன். கவுந்துச்சுன்னா ஒன் வூட்டு வாசல்லதான் வந்து உக்காருவேன். எம்மவளையும் கூட்டிக்கிட்டு."

மகளின் காலேஜுக்காகத் தோட்டை அடகு வைத்தாள் பூங்குழலி. அதன் பிறகு அவளுடைய வெறும் காதைப் பார்க்கும்போதெல்லாம் அம்சவள்ளி வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். வழக்கு தோற்றால் தன் கூலி மட்டும் போகாது. தன் பேச்சைக் கேட்டுப் பாதியையும் வேண்டாமென்று சொன்ன எல்லோருடைய முகத்திலும் விழித்துக்கொண்டு அதே தெருவில் வாழ வேண்டும்.

விசாரணை அரியலூரில். திருச்சியிலிருந்து தொழிலாளர் துறை அதிகாரி மாதம் ஒரு நாள் வந்து உட்காருகிற அலுவலகம், மாடியில். சிமெண்ட் லாரிகள் போகிற சாலையைப் பார்த்த ஜன்னல்களை அடைத்தே வைத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. அதிகாரிக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மேசை மேலேயே வைத்திருந்தார்.

வீராயிக்கு முட்டி வலி. மனுவில் அவள் பேர் கடைசிப் பக்கத்தில் இருந்தது. "என் பேரு வர்றப்ப ஆள் அனுப்புங்கடி, அதுக்குள்ள எதுக்கு ஏறி எறங்கணும்" என்று கீழே வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் தர்மராஜைக் கூப்பிட்டார்கள். முதலாளி தரப்புச் சாட்சி. சத்தியம் செய்துவிட்டு நின்றார்.

"இங்க உக்காந்திருக்கிற பெண்கள்ல யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று முதலாளியின் வக்கீல் கேட்டார். அவர் திருச்சிக்காரர். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை.

"தெரியாதுங்க. கான்ட்ராக்டர் ஆள் அனுப்புவாரு. எங்களுக்குப் பருப்புதான் தெரியும்."

"பருப்பு" என்று பூங்குழலி வாய்க்குள் சொன்னாள். பெஞ்சு சிரிப்பில் குலுங்கியது. அதிகாரி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது.

வெற்றிச்செல்வி எழுந்தார். "ஒருத்தரைக்கூடப் பாத்ததில்லையா?"

"இல்லைங்க மேடம்."

"பேராவது?"

"பேரெல்லாம் எப்படிங்க தெரியும்."

தர்மராஜ் பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை. அம்சவள்ளியின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தபோது வந்து மொய் வைத்து, ரசம் நன்றாக இருக்கிறதென்று இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போன மனிதர். வெற்றிச்செல்வி இன்னும் சில கேள்விகள் கேட்டுப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தெரியாது என்ற பதிலே வந்தது. அவர் பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்ததும் அம்சவள்ளி பெஞ்சு முழுவதையும் ஒரு தடவை பார்த்தாள். ஒரு பெஞ்சு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் அவர்கள் அந்தக் கம்பெனியில் வேலை செய்தார்கள் என்று சொல்ல அவர்களைத் தவிர யாரும் இல்லை.

தர்மராஜ் தன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார். செல்போனை எடுத்துக் குனிந்துகொண்டார். அடுத்து மனு போட்டவர்களைச் சரிபார்க்க வேண்டும். பேர் கூப்பிட்டதும் வந்து ஆதாரைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும், வராதவர்களின் பேர் நீக்கப்படும் என்று குமாஸ்தா அறிவித்தார். காகிதக் கட்டைத் திருப்பி வைத்திருந்தாரோ என்னவோ, கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

"வீராயி."

யாரும் எழவில்லை. ஓரத்தில் இருந்த ஒருத்தி எழுந்து படிக்கட்டுக்கு ஓடினாள்.

"ரெண்டாவது தடவை கூப்பிடறேன். வீராயி."

"இருக்கேன்."

குரல் வெளியே வந்த பிறகுதான் அது தன்னுடையது என்று அம்சவள்ளிக்குத் தெரிந்தது. அவள் எழுந்து நின்றிருந்தாள். மேசைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தும்விட்டாள். இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, இல்லாத தட்டைப் பிடித்திருந்தன.

வெற்றிச்செல்வி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து தர்மராஜின் குரல் வந்தது. செல்போனிலிருந்து தலை நிமிரவில்லை.

"அது வீராயி இல்லைங்க சார், அம்சவள்ளி. வீராயிது கட்டைக் குரல்."

கீழே ஒரு லாரி போய் முடிந்தது.

முதலாளியின் வக்கீல் துள்ளி எழுந்தார். இது ஆள்மாறாட்டம் என்றார். அதிகாரியின் கண்ணெதிரிலேயே நடந்த மோசடி, இந்த ஒன்றிலிருந்தே மனு முழுவதும் ஜோடிக்கப்பட்டது என்று தெரிகிறது, எல்லோருடைய கோரிக்கையையும் தள்ளுபடி செய்து இந்தப் பெண்மணி மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார். அவருக்கு நல்ல குரல்வளம். பேசப் பேச அது ஏறியது.

அம்சவள்ளிக்குப் பாதி காதில் விழவில்லை. பூங்குழலி தன்னைப் பார்ப்பது மட்டும் தெரிந்தது. அதில் கோபம்கூட இல்லை. வாசலில் வந்து உட்காரப் போகிறவளின் முகம் அது. கூட்டி வந்ததும் தான், பேனாவைத் தடுத்ததும் தான், கடைசியில் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்ததும் தான். உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றாள்.

வக்கீல் மூச்சு வாங்குகிற வரைக்கும் அதிகாரி பேசவிட்டார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க உக்காருங்க சார். அதுக்கு வரேன். தர்மராஜ், எழுந்து வாங்க."

தர்மராஜின் கையிலிருந்த செல்போன் எப்போதோ மடியில் விழுந்திருந்தது. வந்து நின்றார்.

"இவங்க பேர் என்னன்னு சொன்னீங்க?"

"அம்சவள்ளிங்க."

"கொஞ்சம் முந்தி இவங்க யாரையும் தெரியாதுன்னு சொன்னீங்களே."

தர்மராஜ் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் காகிதத்தைப் பார்த்தார்.

"குரலு... குரலு தெரியும்ங்க சார்."

"எப்படி?"

"எடை போடறப்ப இருக்கேன்னு சொல்லுவாங்க."

"எதுக்கு இருக்கேன்னு சொல்லணும்?"

"பேரு கூப்பிடறப்பங்க."

"யார் கூப்பிடுவா?"

வக்கீல் எழப் பார்த்தார். அதிகாரி கைக்குட்டையால் உட்காரும்படி காட்டினார்.

தர்மராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆட்டுமந்தையில் எந்த ஆடு யாருடையது என்று தெரிந்தவனிடம், தெரியாது என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு காலை நேரத்துக்கு மேல் அது தாங்கவில்லை.

"நாந்தாங்க கூப்பிடுவேன்" என்றார்.

வெற்றிச்செல்வி அதற்குள் முழுதாக எழுந்துவிட்டார். ஆனால் கேள்வியைத் தர்மராஜிடம் கேட்கவில்லை. "அம்சவள்ளி, அடுத்தவங்க பேருக்கு எதுக்கு எழுந்தீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"தெரியாம எந்திரிச்சிட்டேங்க மேடம். பழக்கம்."

"எங்க பழகினது?"

"கம்பெனியிலங்க. அக்கா ஊருல இல்லாதப்ப அவங்க எடத்துல உக்காந்து வேலை பாத்தேன். மேனேஜரண்ணனுக்குத் தெரியும். அது வீராயி குரல் இல்லியேம்பாரு, எடையை எழுதிக்குவாரு."

"ஆமாவா?" என்றார் அதிகாரி.

தர்மராஜ் முதல் தடவையாகப் பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எழுதிக்குவேங்க" என்றார். சொன்ன பிறகு தோள் இறங்கியது. மூட்டையை வைத்துவிட்டவர் போல இருந்தார்.

குமாஸ்தா எழுதிக்கொண்டிருக்கும்போதே படியேறி வந்த வீராயி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு இரைத்தது.

"ஏண்டி, என்னையவா கூப்பிட்டாங்க?"

மாவு மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு குரல்.

"கட்டைக் குரல்தான்" என்றார் அதிகாரி. அவர் சிரித்தாரா தும்மலை அடக்கினாரா என்று கைக்குட்டை காட்டிக்கொடுக்கவில்லை. பிறகு அம்சவள்ளியைப் பார்த்தார். "நீங்க செஞ்சது தப்பு. இன்னொரு தடவை அடுத்தவங்க பேருக்கு எழுந்தா உங்க பேரை எடுத்துடுவேன். போய் உக்காருங்க."

உட்கார்ந்ததும் பூங்குழலியின் கை அம்சவள்ளியின் தொடையில் விழுந்தது. அங்கேயே கிடந்தது.

மதியத்துக்கு மேல் டீக்கடையில் வெற்றிச்செல்வி அவளைத் திட்டினார். படித்துப் படித்துச் சொன்னேனே, காது எங்கே போச்சு, இதற்குத்தான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினேனா என்று நிறுத்தாமல் திட்டினார். டீ ஆறிப்போனது. அதை அப்படியே குடித்துவிட்டு, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சட்டென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தாள் வாயில இருந்து எப்படி வரவழைக்கிறதுன்னு எத்தனை நாளா மண்டைய ஒடச்சுக்கிட்டேன் தெரியுமா? நீங்க எந்திரிச்சதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன்."

"இனிமே நடிக்க முடியாது அவங்களால. பேரு, குரலு, எடை எல்லாம் அவங்க ஆளே சொல்லியாச்சு."

"அப்ப எனக்கு ஒரு வடை வாங்கிக் குடுங்க மேடம்" என்றாள் வீராயி. "படியேறினது நான், திட்டு வாங்கினது அவ. வடையாவது எனக்கு வரட்டும்."

திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் களைத்துச் சாய்ந்திருந்தார்கள். பெரிய மழைக்குப் பயந்து பாத்திரத்தையெல்லாம் எடுத்து உள்ளே வைத்தவர்கள், மழை பக்கத்து ஊரோடு போய்விட்டதைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது. உடையார்பாளையம் நெருங்கும்போது பூங்குழலி, "ஒன் வூட்டு வாசல் எனக்குப் பத்தாதுடி. சின்ன வாசல்" என்றாள். அம்சவள்ளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். முந்திரித் தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன.

அடுத்த மாத அமர்வில் முதலாளியின் வக்கீல் அவகாசம் கேட்டார். அதற்கு அடுத்த மாதம் சமாதானம் பேச வந்தார். முக்கால் என்று ஆரம்பித்தார். வெற்றிச்செல்வி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பூங்குழலி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. முழுக் கூலியையும் கட்ட வேண்டுமென்று உத்தரவானது. கார்த்திகையில் முதலாளி பணத்தைக் கட்டினார்.

செக் வாங்க மறுபடி அதே மாடி. இந்த முறை வீராயி முதலிலேயே படியேறி வந்து உட்கார்ந்துவிட்டாள். குமாஸ்தா பேர்களைக் கூப்பிட்டார். பூங்குழலி செக்கை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். உடனே வெளியே எடுத்து இன்னொரு தடவை பார்த்தாள்.

"வீராயி."

அம்சவள்ளியின் முட்டி அசைந்தது. வீராயி அவள் தோளை அமுக்கி, அந்தத் தோளையே ஊன்றி எழுந்தாள். "உக்காருடி. இது என் செக்கு."

"அம்சவள்ளி."

அவள் வீராயியின் செக்கை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் விலாவில் இடிக்க வேண்டியிருந்தது.

கீழே, வேப்ப மரத்தடியில் தர்மராஜ் நின்றிருந்தார். சவரம் செய்து சில நாள் ஆகியிருந்தது. விசாரணை நடந்த வாரமே முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாக ஊரில் பேச்சு. பெண்கள் இறங்கி வருவதைப் பார்த்ததும் ஒதுங்கப் பார்த்தார். பிறகு நின்றார்.

"வக்கீல் மேடம் மேல இருக்காங்களா?"

"யாருங்க நீங்க?" என்றாள் பூங்குழலி.

"ஏம்மா."

"இல்ல, பாத்த மாதிரியே இல்லியே. பேரெல்லாம் எப்படிங்க தெரியும்."

பெண்கள் சிரித்தார்கள். தர்மராஜ் அந்தச் சிரிப்பை நின்று வாங்கிக்கொண்டார். அது ஓய்ந்ததும், "எனக்கும் பொங்கல்ல இருந்து சம்பளம் வரல" என்றார். "கேட்டா, நான் கான்ட்ராக்டர் ஆளாம். எழுதிக் குடுத்திருக்காங்க."

யாரும் சிரிக்கவில்லை. வீராயி வேப்பமரத்தின் மேடையில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "செஞ்ச காரியத்துக்கு நல்லா வேணும்" என்றாள். சொல்லிவிட்டு நகர்ந்து அவருக்கும் இடம் விட்டாள். அவர் உட்காரவில்லை.

"நான் வேலை செஞ்சதுக்குச் சாட்சி வேணும்னு சொல்லுவாங்க" என்றார் தர்மராஜ், அம்சவள்ளியைப் பார்க்காமல்.

அம்சவள்ளி செக்கை மடிக்காமல் பர்ஸில் வைக்க முயன்றுகொண்டிருந்தாள். பர்ஸ் சின்னது. கடைசியில் ஓரத்தை மட்டும் மடித்தாள். பாதித் தொகைக்கு முத்திரைத்தாளோடு வந்த கை, இப்போது சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. அவளுக்கு அவர் மேல் கோபம் இருந்தது. ஆனால் தேடிப் பார்த்தால் அது கையில் அகப்படாத மாதிரி எங்கேயோ அடியில் கிடந்தது.

"மேடம் மேலதான் இருக்காங்க, போங்க" என்றாள். "தராசுல உக்காந்திருந்தது நீங்கதான்னு நான் வந்து சொல்றேன். எம்பேரைக் கூப்பிடச் சொல்லுங்க. எம்பேரை."

தர்மராஜ் படியேறினார். சாலையில் ஜெயங்கொண்டம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வீராயி மேடையை ஊன்றி எழுந்து, ஓடாதீங்கடி, நான் ஏறாம அவன் எடுக்க மாட்டான் என்று தன் கட்டைக் குரலில் பஸ்ஸுக்கும் சேர்த்துச் சத்தம் போட்டாள். பஸ் நின்றது.